மாடியில் அவர், அடுப்படியில் நான்

இந்த வருஷம் சாரல் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது, மேடம். வைகாசி முடிவதற்குள்ளேயே மெயின் அருவியில் தண்ணீர் நன்றாக விழ ஆரம்பித்துவிட்டது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வருஷம் முழுக்க ஒரு போன் பண்ணாத சொந்தக்காரர்களுக்கெல்லாம் நம்மேல் திடீரென்று பாசம் பொங்கும். துண்டும் நல்லெண்ணெய் பாட்டிலுமாக வந்து இறங்குவார்கள். அருவியில் குளிப்பார்கள், புளியறை ரோட்டில் பரோட்டா தின்பார்கள், நம் வீட்டுக் கூடத்தில் தூங்குவார்கள்.

நீங்கள் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். விருந்தாளிகளைப் பற்றிச் சொல்லாமல் மாத்திரையைப் பற்றிச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். என் நாத்தனார் ரெங்கம்மாள் மதினி கொடுத்த புகாரில் பொய் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் தென்காசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலது கை அசையாமல் படுத்திருப்பது நிஜம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது பிரஷர் மாத்திரையே இல்லை என்று டாக்டர் கண்டுபிடித்ததும் நிஜம். காரணம்தான் மதினிக்குப் புரியவில்லை. எனக்கு வேறு யாரோடோ தொடர்பு இருக்கும் என்கிறார். உங்கள் ஏட்டையா இன்சூரன்ஸ் பணமா என்று கேட்டார். இரண்டும் இல்லை. அவர் போய்விட்டால் நஷ்டம் எனக்குத்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

அவர் பெயர் குற்றாலீஸ்வரன். ஊருக்கெல்லாம் குத்தாலம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய அசையாமல் நின்றதாகச் சொல்வார். நின்றிருப்பார். அங்கே நில் என்று சொல்ல மேலே ஒரு அதிகாரி இருந்தார். வீட்டில் யார் சொல்வது? குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போதே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் இறங்கிப் போய் கேட்கீப்பரிடம் நியாயம் கேட்பார். இப்படிப்பட்ட மனிதர், உலகத்திலேயே அதிகம் பொறுமை தேவைப்படும் தொழில் எது என்று தேடிப் பிடித்து அதில் போய் விழுந்தார். ஃபியூச்சர்ஸ் என்கிற ஷேர் மார்க்கெட் வியாபாரம்.

உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்க்கெட் ஏறும் என்று தோன்றினால் காலையில் வாங்கி, மூன்றரை மணிக்குள் விற்றுவிட வேண்டும். இறங்கும் என்று தோன்றினால் முதலில் விற்றுவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். கையில் இல்லாததை எப்படி விற்பது என்று கேட்காதீர்கள். நானும் ஒரு தடவை கேட்டேன். “ஒனக்கு அதெல்லாம் வெளங்காதுட்டி, போயி காப்பி போடு” என்றார். போய்ப் போட்டேன்.

மாடி அறையில் இரண்டு திரை, சுழலும் நாற்காலி, கரண்ட் போனால் இன்வெர்ட்டர். எபனேசர் என்று ஒரு பையன் போனில் வகுப்பு எடுப்பான். “பொறுமையா இருங்க சார். மார்க்கெட் நம்மட்ட வரும். நாம மார்க்கெட்டத் தொரத்தப்படாது.” இதை அவர் பால்காரரிடம் சொல்வார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொல்வார். திறந்தவுடன் தொடக்கூடாது, நினைத்த இடத்துக்கு விலை வரும்வரை காத்திருக்க வேண்டும், நஷ்டத்துக்குப் போட்ட எல்லையை நகர்த்தக்கூடாது. எல்லாம் தலைகீழ்ப் பாடம். கடைப்பிடிக்க மட்டும் வராது.

நான் சின்ன வெங்காயம் உரிப்பதற்கு மாடிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். எனக்குத் திரையில் ஒன்றும் புரியாது. பச்சைக் குச்சி, சிவப்புக் குச்சி. அதனால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வலது கால் ஆட ஆரம்பிக்கும். அப்புறம் லுங்கியை அவிழ்த்துக் கட்டுவார். அதற்கும் அப்புறம், “போகுதுட்டி, நம்மள விட்டுட்டுப் போகுது பாரு” என்பார். உடனே பட்டனை அமுக்குவார். அமுக்கியதும், “எடுத்துட்டேன்ட்டி” என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு சத்தம். பட்டாளத்துப் பழக்கம், எதைச் செய்தாலும் மேலிடத்துக்கு அறிவித்துவிட வேண்டும். அவர் வாங்கியதும் விலை இறங்கும், அவர் ஏறியதும் பஸ் ரிவர்ஸில் வருகிற மாதிரி. நிதானமாக இருக்கிற நாளில் அப்படி நடக்காது. லுங்கியை அவிழ்த்துக் கட்டிய நாளில் நடக்காமல் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. காத்திருப்பது எனக்குப் புதிதில்லை, மேடம். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய லீவுக்காகக் காத்திருந்தவள் நான். வருகிறேன் என்பார், ரத்தாகும். மறுபடி வருகிறேன் என்பார். பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் பொறுமையைப் பழகியது நான். பென்ஷன் மட்டும் அவருக்கு வந்தது.

கடையத்தில் அப்பா வழியில் வந்த வயலை விற்ற பணம் என் பெயரில் பேங்கில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. போனிலேயே கணக்குத் திறந்தேன். ஆதார் கேட்டார்கள், பான் கேட்டார்கள், புருஷனைக் கேட்கவில்லை. முதல் நாள் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து “எடுத்துட்டேன்ட்டி” என்று சத்தம் வந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அஞ்சறைப் பெட்டியில் சாய்த்து வைத்திருந்த போனில் நான் விற்றேன். சாம்பார் கொதித்து இறக்குவதற்குள் மேலே அவர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் வாங்கி முடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சாம்பார் மிக நன்றாக இருந்ததாக அவரே சொன்னார்.

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். பணம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மாடியிலிருந்து இறங்கி அடுப்படிக்கு வந்தது, அவ்வளவுதான். அவர் கையில் இருந்தால் மறுநாள் போய்விடும், என் கையில் இருந்தால் இருக்கும். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நல்ல சமயம் வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த மனிதரிடம் எதையும் சொல்வதற்கு ஒரு சமயம் இருக்கிறது.

ஒரு சிக்கல் இருந்தது. சில நாள் அவர் நிதானமாக இருந்துவிடுவார். ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார், காலையில் வயிறு லேசாக இருந்திருக்கும், அன்றைக்குச் சரியான இடத்தில் வாங்கிச் சரியான இடத்தில் விற்பார். எதிர்ப்பக்கம் நின்ற எனக்கு அடி. வீட்டு மனிதர் ஜெயிக்கிறார் என்று சந்தோஷப்படுவதா, என் நஷ்டத்தை நினைத்து வருத்தப்படுவதா என்று தெரியாமல் அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைவலி. இதை விட்டு வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

காப்பியில் டிகாஷனைக் கூட்டினேன். குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளர். ஒன்பது மணிக்குப் பக்கத்தில் மிக்ஸியைப் போடுவேன். கேபிள்காரனைக் காலையிலேயே வரச் சொல்லுவேன். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதற்கெல்லாம் கேஸ் போட்டால் ஊரில் ஒரு பெண் வெளியே இருக்க முடியாது.

அப்போதுதான் சாரல் வந்தது. வருகிற சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வராதவர்களுக்கு நான் போன் பண்ணினேன். “தண்ணி அருமையா விழுது சித்தி, நீங்க என்ன அங்கனயே கெடக்கீய? கிளம்பி வாங்க” என்றேன். திருநெல்வேலியிலிருந்து நெல்லையப்பன் சித்தப்பா குடும்பம் வந்தது. அவர்கள் போவதற்குள் தூத்துக்குடிக்காரர்கள் வந்தார்கள். எனக்கே முறை தெரியாத ஒரு குடும்பம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது. காலையில் பாத்ரூமுக்கு வரிசை நிற்கும். அவர் வாளியோடு வரிசையில் கடைசியில் நிற்பார்.

நெல்லையப்பன் சித்தப்பாவின் மனைவி சொக்கம்மாள் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நல்ல மனுஷி. மார்க்கெட் திறக்கிற சமயமாகப் பார்த்து நான்தான் அவர் கையில் காப்பியைக் கொடுத்து மாடிக்கு அனுப்பினேன். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏ குத்தாலம், இது என்னய்யா டிவியா?”

“இல்ல சித்தி. மார்க்கெட்டு.”

“ஐந்தருவில தண்ணி எப்பிடி விழுதுன்னு இதுல தெரியுமா?”

“தெரியாது சித்தி.”

“இம்புட்டு பெரிய பெட்டி வச்சிருக்கே, அருவி தெரியலங்கியே. அந்தப் பச்சையா மேல ஏறுதுல்லா, அது என்னது?”

“அது வெல சித்தி. கொஞ்சம் பேசாம இருங்க.”

“வெல ஏறுனா வாங்க வேண்டியதுதான? தக்காளி ஏறுறப்ப வாங்காம விட்டுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ ஏன்யா பாத்துக்கிட்டே இருக்க?”

 கால் ஆட ஆரம்பித்து, செருப்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் நாற்காலி நகர்ந்தது, எழுந்து லுங்கியைக் கட்டுகிறார் என்று தெரிந்துகொண்டேன். “எடுத்துட்டேன்ட்டி” என்றது மாடி. நான் இறங்கி அடுப்படிக்கு வந்து விற்றேன். அன்றைக்கு வந்த லாபத்தில் சொக்கம்மாள் சித்திக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மாதான் சித்தி என்றேன்.

சீசன் முழுக்க இப்படித்தான் போயிற்று. அவருக்குத் தொட்டதெல்லாம் தப்பாயிற்று. ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது, திரையை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

“எவனோ ஒருத்தன் என்னையே பாத்துக்கிட்டு இருக்கான்ட்டி.”

“யாருங்க?”

“தெரியல. நான் வாங்குனா அவன் விக்கான். நான் வித்தா அவன் வாங்குதான். நான் ஒரு லாட்டு எடுத்தா அவனும் ஒரு லாட்டு. எனக்குன்னே ஒருத்தன உக்கார வச்சிருக்கானுவ.”

“இம்புட்டு பெரிய இந்தியாவுல உங்களப் போயி எவன் பாத்துக்கிட்டு இருக்கப்போறான்?”

“அதாம்ட்டி எனக்கும் வெளங்கல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மேடம். அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தேன். அவர் பின்னாலேயே வந்துவிட்டார். நான் அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். “அழாதட்டி, நான் சரியாக்கிருதேன்” என்றார். அதை நினைத்தால் இப்போதும் மனசுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

அவர் இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நெல்லையப்பன் சித்தப்பாவிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். யாரோ ஒருவன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு மனிதன் சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? பேச்சு கடையம் வரை போய், அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த ரெங்கம்மாள் மதினி பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். வந்தவர் தம்பியின் கண்ணை விரித்துப் பார்த்தார், தலையைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏலே, ஒன் தலையில சூடு ஏறியிருக்குலே. நாளைலேர்ந்து விடியக்காலம் பழைய குத்தாலத்துல வந்து நில்லு. நான் எண்ண தேச்சு விடுதேன்” என்றார். என் பக்கம் திரும்பி, “ஏளா சித்ரா, கூடவே இருக்க, நீயுங் கவனிக்காம விட்டுட்டியே” என்றார்.

“நான் என்ன மதினி செய்ய? நானும் அவரையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன். அது சத்தியமான வார்த்தை.

புத்தி கலங்கியவர்களை அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம், உங்களுக்குத் தெரியாதது இல்லை. தினமும் காலையில் எண்ணெய் தேய்த்து அழைத்துப் போய் உச்சந்தலையில் தண்ணீர் விழும்படி நிறுத்தினார் மதினி. அதோடு விடாமல் டாக்டரிடமும் கூட்டிப் போனார். பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறது, இத்தனை நாள் எப்படி நடமாடினார் என்று டாக்டர் கேட்டாராம். ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது.

அருவியா மாத்திரையா தெரியவில்லை, மனிதர் மாறிவிட்டார். மாடியில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சந்தேகம் வரும். கால் ஆடுவதில்லை. விருந்தாளிகள் வந்து பேசினால் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார். “இன்னைக்கு மார்க்கெட்டு சரியில்லட்டி, சும்மா இருப்போம்” என்கிறார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. வாங்கினால் சத்தம் போடுவதில்லை, நானே காப்பி சாக்கில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. அவர் தொடர்ந்து ஜெயித்தார். நான் தொடர்ந்து தோற்றேன். ஒரு நாள் எனக்காக மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு வந்து, அவரே உடைத்துச் சுளையை என் கையில் வைத்தார். “ஒனக்கு நான் ஒண்ணுஞ் செய்யலட்டி. இனிமே செய்யுதேன்” என்றார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் யோசித்தேன். கணக்கை மூடிவிட்டு, அவர் ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டு, காப்பி போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நல்ல கோபம். எத்தனையோ வருஷம் காத்திருந்து காத்திருந்து நான் சம்பாதித்த பொறுமையை அவர் மெடிக்கல் ஷாப்பில் அட்டையாக வாங்கிவிட்டார். எனக்கு என்று ஒரு தொழில் இருந்தது, எனக்கு அது நன்றாக வந்தது, அதில் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. அதைப் போய் ஒரு மாத்திரை கெடுப்பதா?

நான் அவருக்குக் கெட்டது எதையும் கொடுக்கவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். என்னுடைய கால்சியம் மாத்திரையும் வெள்ளைதான், அதுவும் வட்டம்தான். இரண்டையும் அட்டையிலிருந்து பிரித்து, கால்சியத்தை அவர் டப்பாவில் போட்டு, பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக அதைத் தண்ணீரோடு நானே கையில் எடுத்துக் கொடுப்பேன். கால்சியம் எலும்புக்கு நல்லது. அதுவும் வேலை நாளில் மட்டும்தான். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாவற்றிலும் டாக்டர் எழுதிய மாத்திரையைத் தவறாமல் கொடுத்தேன். மார்க்கெட் இல்லாத நாளில் அவருக்குப் பிரஷர் ஏறி யாருக்கு என்ன லாபம்?

அப்புறம் மதினி நடவு வேலை என்று கடையத்துக்குப் போய்விட்டார். தண்ணீர் அதிகமாகி அருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். வீட்டில் பழைய செருப்புச் சத்தம் மெல்லத் திரும்பி வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாதக் கடைசி. அந்த மாதத்து வியாபாரம் எல்லாம் முடிகிற நாள், மார்க்கெட் பேய்பிடித்த மாதிரி ஆடும். விருந்தாளிகள் தடை நீங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு மொத்தமாக ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் நானும்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாடியிலிருந்து சத்தம் வந்தது. “எடுத்துட்டேன்ட்டி. இருக்குற மொத்தத்துக்கும் எடுத்துட்டேன்.” அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. நானும் என்னிடம் இருந்த மொத்தத்துக்கும் விற்றேன்.

விலை அசையவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதுதான் மிகக் கஷ்டமான நேரம், மேடம். கை பட்டனுக்குப் போகும். போகக்கூடாது. இங்கே வந்தால் முடித்துக்கொள்வது என்று ஒரு விலையை நினைத்து வைத்திருப்போம் இல்லையா, அது வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. வருவதற்கு முன்னால் எழுந்து போகிறவர்கள்தான் இதில் தோற்கிறார்கள் என்று எபனேசர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். மாடி வகுப்பை நான் படியில் நின்று கேட்டிருக்கிறேன்.

அப்போது அவர் கூப்பிட்டார்.

“ஏட்டி சித்ரா. தண்ணி கொண்டா. தல என்னமோ பண்ணுது.”

நாக்கு குழறியது. கேட்டது, மேடம். இல்லை என்று சொல்லவில்லை.

“இந்தா வருதேங்க” என்றேன்.

விலை கொஞ்சம் இறங்கியது. நான் நினைத்த இடத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. மேலே ஏதோ விழுந்தது. அவர் கோபத்தில் நாற்காலியை உதைப்பது உண்டு. நாற்காலிதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு தடவை “ஏட்டி” என்று கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் பனிமலையில் நின்றாரே, அதற்கு ஒன்றும் குறைச்சல் இல்லை இது. பிறகு மார்க்கெட் உடைந்து இறங்கியது. விறுவிறுவென்று இறங்கி நான் நினைத்த இடத்துக்கு வந்தது. முடித்தேன். டம்ளரைக் கழுவி, அவருக்குப் பிடித்த சீரகத் தண்ணீரை ஊற்றி, சூடு அதிகமாக இருந்ததால் ஆற்றி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் ஒரு ஆறுதல் வந்தது, அதை நான் பார்த்தேன். திரையில் அவர் வாங்கியது அப்படியே இருந்தது, நஷ்டம் நிமிஷத்துக்கு நிமிஷம் கூடிக்கொண்டே போனது. விட்டால் எதுவும் மிஞ்சாது. மனைவி என்று ஒருத்தி இருந்தால் அதையும்தானே பார்க்க வேண்டும்? அவர் விரலைப் பிடித்து போனில் வைத்துத் திறந்து, அவருடையதையும் முடித்துவிட்டேன். அதற்கப்புறம் நூற்றெட்டுக்கு போன் பண்ணினேன். ஆம்புலன்ஸ் உடனே வந்துவிட்டது. நம் ஊரில் அதெல்லாம் குறை சொல்ல முடியாது.

கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் பில் கட்டப் போயிருந்த சமயம். தகவல் கேட்டு வந்திருந்த மதினி, எங்கள் வீட்டுக்கு ஆளை விட்டு அவர் டப்பாவை எடுத்து வரச் சொல்லிக் காட்டியிருக்கிறார். மற்றது உங்களுக்குத் தெரியும். மதினி என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அடித்தார். நான் திருப்பி அடிக்கவில்லை, பெரியவர்.

ஆமாம், மாற்றியது நான்தான். கூப்பிட்டது கேட்டும் போகாமல் இருந்ததும் நான்தான். நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கிறார். பணம் பத்திரமாக இருக்கிறது. அவர் கையில் விட்டிருந்தால் ஆஸ்பத்திரி பில்லுக்கே வழி இருந்திருக்காது. முதல் நாள் பில்லைக் கட்டியது யார் என்று மதினியிடம் கேட்டுப் பாருங்கள்.

அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மாத்திரைக் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணைத் திறந்ததும் போனைத்தான் கேட்டார். டாக்டர் கூடாது என்றார். படுத்துக்கிடக்கிற மனிதருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா என்று நான்தான் கட்டிலில் மாட்டுகிற மாதிரி ஒரு ஸ்டாண்ட் வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் தடவித் தடவி ஆடுகிறார். ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொள்வதால் யோசிக்கிறார். முன்னைவிட நிதானம். நான் அதையெல்லாம் விட்டுவிட்டேன், மேடம். கணக்கை மூடவில்லை, மூடுவதற்கு ஏதோ கையெழுத்துப் போட வேண்டுமாம். மற்றபடி விட்டுவிட்டேன்.

அவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். சொல்லுங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது. அதிர்ச்சி தாங்குவாரா என்று டாக்டர் கேட்பார், பட்டாளத்துக்காரர், தாங்குவார். சனி ஞாயிறு மட்டும் வேண்டாம். காலையில் மார்க்கெட் திறந்து கொஞ்ச நேரம் ஆன பிறகு, போன் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும்போது சொல்லுங்கள். எந்த நாள் என்பதை முந்தின நாளே எனக்குத் தெரியப்படுத்திவிட்டால் போதும்.